பிராரத்தமும் பத்தியமும்

பிணி வருங்காலத்து அதனைப் பிராரத்தம் என்று சொல்லி அமைதல் சைவ நன்மக்களிடையே நெடுங்கால வழக்கு. சித்தாந்த சாத்திரம் ஒருவாறு பயின்றோர் இச்சொல்லை இன்னும் எளிதாக எடுத்தாளுவர். யானும் அங்ஙனம் எடுத்தாண்டவனே. இளமையில் மடத்திற் சாத்திரங் கேட்டும், பின்னர் முப்பது ஆண்டுக்கு மேல் மாணாக்கர்க்குத் தமிழ் கற்பித்தும், அச்சொல்லின் எல்லையை என் வலக்கால் விரல்களுள் ஒன்றனை இழந்த பின்னரே உணரலானேன். இதனை ஈண்டு எழுதப் புகுந்தது, என்னை ஒத்தார் பலரைச் சங்கரநயினார் கோயில் திருமுற்றத்தில் இன்றும் காண்டலினாலேயாம்.

எனக்கு நீரிழிவு உண்டென்று ஒரு மருத்துவர் முதன்முதற் கூறியது 2007 ஆம் ஆண்டில். சோற்றைக் குறைத்தல், சர்க்கரையை விடுதல், நாடோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தல் ஆகிய இவற்றோடு மாத்திரையும் தவறாது உட்கொள்ளல் வேண்டும் என்றார். யான் நகைத்து, சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தை அவர்க்கு விரித்துரைத்தேன். ஆக்கமும் கேடும் இன்பமும் நோயும் மூப்பும் இறப்பும் ஆகிய ஆறும் உயிர் கருவுட் புகும்போதே அமைந்தன என்று அருணந்தி சிவாசாரியர் அருளியிருப்ப, ஒரு பிடி சோற்றைக் குறைத்தலால் அவ்விதி மாறுமோ என்று வினவினேன். அவர் சாத்திரம் அறியாதவர். விடை கூறாது சீட்டெழுதிக் கொடுத்தார். வாதில் வென்றேன் என்னும் களிப்போடு வழியில் ஒரு கடையிற் சர்க்கரை மிகுந்த காப்பி அருந்தி வீடு சேர்ந்தேன்.

பின்வந்த பன்னீராண்டும் இங்ஙனமே கழிந்தன. மாத்திரையை நினைத்தபோது உண்டேன். சொற்பொழிவுக்குச் சென்ற ஊர்தோறும் இலைபோட்டு விருந்தளித்தனர். மறுத்தல் அன்பர் மனத்தை வருத்தும் என்று கொண்டேன். கோயிலிற் சர்க்கரைப் பொங்கல் வழங்கின் இருமுறை கைநீட்டினேன். முதன்முறை நீட்டியது பத்தி. இரண்டாமுறை நீட்டியது நாவின் தொழில். விரதங்களோவெனின் ஒன்றையும் விட்டேனல்லேன். ஆயின் சோறு உண்ணா நாளில் தோசையும் உப்புமாவும் வெல்லமிட்ட அவலும் உண்டேன். பழவுணவு எனப் பொருள்படும் பலாகாரம் என்னும் வடசொல்லே பலகாரம் எனத் திரிந்து நெய்யிலும் எண்ணெயிலும் விழுந்தது என்பதை வகுப்பில் நகைச்சுவையாகச் சொல்லியிருக்கின்றேன். அந்நகை என்மேலதாதலை அறிந்திலேன். தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதியையும் யாப்பமைதி காட்டிப் பாடஞ் சொன்னதுண்டு. நீரைக் காய்ச்சுக, மோரை நீர் பெருக்குக, நெய்யை உருக்குக என அதிற் சொல்லப்பட்ட மூன்றனுள் யான் வழுவாது கடைப்பிடித்தது நெய்யைப் பற்றியது ஒன்றே.

மடத்திற் பயின்ற காலத்து என் உடம்பு இவ்வாறு இருந்ததன்று. வைகறையில் எழுதலும், ஆற்றில் நீராடலும், பூசைக்கு நீர் சுமத்தலும், மலர் கொய்தலும், இருவேளை அளவாக உண்டலும் அங்கு நாட்கடன். அவற்றையெல்லாம் சைவ ஆசாரம் என்று செய்தோமேயன்றி உடற்பயிற்சி என்று ஒருவரும் பெயரிட்டிலர். பணியேற்ற பின்னர் நீறணிதலும் மந்திரமும் நின்றன. நீர் சுமத்தலும் நடத்தலும் போயின. ஆசாரத்தில் உடல் வருந்துவனவற்றை மட்டும் தெரிந்து நீக்கியிருக்கின்றேன் என்பது இப்போது எண்ணுங்கால் புலனாகின்றது.

எம் ஊர் ஆடித் தபசு அன்பர்கள் அறிந்ததே. புன்னைவனத்தில் ஒற்றைத் தாளூன்றித் தவம் புரிந்த கோமதியம்மைக்கு இறைவன் சங்கரநாராயணனாய்க் காட்சியளித்த விழா அது. கொடியேறிய நாள்முதல் அடியார்கள் 108 முறை என்றும் அதனின் மிக்கும் நேர்ந்துகொண்டு கோயிலைச் சுற்றிவருவர். அதற்கு ஆடிச்சுற்று என்று பெயர். யான் பணியோய்வு பெற்ற 2019 ஆம் ஆண்டில் 108 சுற்று நேர்ந்துகொண்டேன். ஆண்டு முழுதும் தெருமுனை வரையும் நடவாதவன், நண்பகலிற் கல் கொதிக்கும் வேளையில் வெறுங்காலோடு சுற்றினேன். உடன்வந்தோர் சூடு பொறாது நிழலுக்கு ஓடினர். எனக்குச் சூடே தோன்றிற்றில்லை. அம்மை அருள் என்று மெய்சிலிர்த்தேன்.

அஃது அருளன்று, நெடுநாள் நீரிழிவினால் காலின் நரம்புகள் உணர்விழந்தமையே. இரவில் உள்ளங்காலிலும் விரலடியிலும் கொப்புளங்கள் இருத்தலை என் மனைவி கண்டாள். யான் புற்றுமண்ணைக் குழைத்து அப்புண்ணில் அப்பினேன். சங்கன், பதுமன் என்னும் நாகவேந்தர் வழிபட்ட இத்தலத்தில் அம்மண் பெரும்பிரசாதம். அதன் பெருமையை யான் குறைத்துரைப்பேன் அல்லேன். ஆயின் நெற்றியில் அணிதற்குரிய பொருளைத் திறந்த புண்ணில் இட்டது என் மடமை. மண் எத்துணைத் தூயதாயினும் புண்ணிற் கலந்தால் அதனுள் வாழும் நுண்ணுயிர் உடம்பினுட் புகும் என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். ஏழாம் நாள் கால் கறுத்தது, காய்ச்சல் கண்டது. எலும்புவரை சீழ் ஏறியதென்று விரலை அறுத்தெடுத்தனர். சின்னாள் தாழ்த்திருப்பின் கணுக்காலுக்கு மேலும் அறுக்க நேர்ந்திருக்கும் என்றனர்.

மருத்துவமனைக் கட்டிலில் உறக்கமின்றிக் கிடந்த ஓரிரவு, வழக்கம்போலத் திருநீலகண்டப் பதிகத்தை மனத்துள் ஓதினேன். திருக்கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், பனிக்காலத்துச் சுரம் அடியார்களைப் பற்றியபோது ஆளுடைய பிள்ளையார் அருளிய பதிகம் அது. நாற்பதாண்டாக ஓதிவருகின்றேன். அதன் முதற்பாட்டிலேயே, வந்த துன்பம் பழவினையின் பயன் என்று அறிந்து பேசிக்கொண்டே அதனினின்று தப்பும் நெறியைத் தேடாது வாளா இருத்தல் உமக்குக் குறையன்றோ என்று பிள்ளையார் இடித்துரைத்தருளினார். அன்றியும் கையாற் செய்யும் பணியை இறைவன் கழல் போற்றுதலோடு சேர்த்தும் ஓதினார். நாற்பதாண்டு நாவில் ஊர்ந்த அச்சொற்கள் அன்றிரவே செவியிற் புக்கன. மறுநாட் காலை என் மனைவியிடம் இதனைச் சொன்னேன். அவள் சாத்திரம் பயின்றவள் அல்லள். "பூசைப் பெட்டியை வேறொருவர் தொட்டால் பொறுக்கமாட்டீர்கள், செப்புக் கிண்ணத்தையும் நீங்களே புளியிட்டுத் துலக்குவீர்கள். இந்த உடம்பை மட்டும் விதி துலக்கட்டும் என்று விட்டுவிட்டீர்களே" என்றாள். அதற்கு விடை சுபக்கத்திலும் இல்லை, பரபக்கத்திலும் இல்லை.

வீடு திரும்பியபின் நூல்களை மீட்டும் எடுத்துப் பார்த்தேன். யான் மருத்துவரை வாய்மூடச் செய்த அதே இரண்டாஞ் சூத்திரத்தில், நாம் செய்யும் வினை உழவன் விளைத்த நெல்லைப் போன்றது என்றும், ஒரு பகுதி உணவாய்க் கழிய ஒரு பகுதி மேல்விளைவுக்கு வித்தாம் என்றும் ஆசிரியர் உவமை கூட்டியிருக்கின்றார். உண்ணப்படும் நெல் பிராரத்தம்; விதைக்கப்படுவது ஆகாமியம். எனக்கு நீரிழிவு வந்தது பிராரத்தம் என்றே வைப்போம். என் தந்தையார்க்கும் அது இருந்தது. பரம்பரை என்று மருத்துவர் கூறுவதும் அதனோடு முரணாது. ஆயின் வந்த நோயை அறிந்தபின் நாள்தோறும் அருந்திய காப்பி எக்கணக்கிற் சேரும்? அது யான் புதிதாக விதைத்தது. இனிச் செய்யும் கன்மம் மேலையுடம்பிற் சேரும் என்றன்றோ சாத்திரம் கூறும், இவ்வுடம்பிலேயே விளைந்ததெங்ஙனம் என்று ஓர் அன்பர் என்னை வினவினார். நல்ல வினா. நஞ்சுண்டான் இன்றே இறத்தலைக் கண்ணாற் காண்கின்றோம். அவ்விறப்பு முன்னரே அமைந்ததாயினும், கையால் எடுத்து உண்ட செயலின் குற்றம் அவனை விடாதன்றோ? மேலையுடம்பிற் சேருவது அக்குற்றம். இவ்வுடம்பிற் சேர்ந்தது நஞ்சு.

பரிமேலழகர் இதனை இன்னும் தெளிவாக வகுத்துள்ளார். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் தோற்றுவாயில், பிணிகள் பழவினையாலும் வரும், பிற காரணங்களாலும் வரும் என இரண்டாக்கி, முன்னவை அவ்வினை கழிந்தாலன்றித் தீராவாகலின் அவற்றை ஒழித்து, உணவும் செயலும் ஒவ்வாமையால் வருவனவற்றுக்கே வள்ளுவர் மருந்து கூறுகின்றார் என்கின்றார். உரையாசிரியர் நோய்க்கு வகுத்த எல்லைக்கோடு இது. தனக்கு வந்த நோய் இக்கோட்டின் எப்புறத்தது என்பதைத் தானே முன்னறிந்து சொல்ல வல்லார் யார்? உணவையும் செயலையும் திருத்திப் பார்த்தபின் எஞ்சி நிற்பதையன்றோ பழவினை எனல் தகும்? யான் முதலிலேயே எல்லாவற்றையும் அக்கோட்டிற்கு அப்பால் தள்ளிவிட்டேன்.

இவ்வெல்லையை எண்ணால் அளந்தாற்போன்ற ஓர் ஆராய்ச்சியை என் மருமகன் எனக்குக் காட்டினார். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006 ஆம் ஆண்டில் வெளியிட்டது. இரத்தத்திற் சர்க்கரை மிகத் தொடங்கியும் நீரிழிவு முற்றாத 531 பேரை நான்கு கூறாகப் பிரித்தனர். பொது அறிவுரை மட்டும் பெற்ற கூற்றில் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுற்றனர். நடையையும் உணவையும் ஒழுங்கு செய்துகொண்டோருள் அத்தொகை 39.3. மருந்து மட்டும் உண்டோருள் 40.5, இரண்டும் மேற்கொண்டோருள் 39.5. நடை மருந்துக்கு நிகராய் நின்றமை காண்க. அனைத்தும் முயன்றும் தப்பாத முப்பத்தொன்பதின்மரைப் பிராரத்தம் பற்றியது என்று ஒருவர் சொல்லின் யான் மறுத்துரையேன். ஆயின் ஐம்பத்தைந்துக்கும் முப்பத்தொன்பதுக்கும் இடையே பதினாறு பேர் நிற்கின்றனரே. அவர்கள் நடந்து தப்பினவர்கள். நம் நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடியே 10 இலட்சம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு 2023 இல் வெளியாயிற்று. அப்பெருந்தொகையுள் அப்பதினாறின் கூறு எத்துணையாகும் என்பதை அன்பர்களே எண்ணுக.

இங்கு ஒன்று சொல்லாவிடிற் பிழையாம். நோயுற்றாரையெல்லாம் ஒழுக்கம் கெட்டார் என்று இகழ்தற்கு இக்கருத்தைக் கருவியாக்கலாகாது. சிறு குழவிகட்கும் நீரிழிவு வருகின்றது. அவர்கள் என்ன உண்டார்கள்? எம் ஊர் விசைத்தறிக் கூடங்களில் இரவும் பகலும் முறைமாறி நின்று உழைப்போர்க்குக் காலத்தில் உண்ணலும் உறங்கலும் தம் கையில் உள்ளனவல்ல. நேரமும் பொருளும் ஓய்வும் பெற்றிருந்தும் செய்யாதவன் யான். என்போலியரை நோக்கியே இதனை எழுதுகின்றேன்.

திருநாவுக்கரசு சுவாமிகளின் சூலையைத் திருவதிகைப் பெருமானன்றோ தீர்த்தருளினார், மருந்தும் பத்தியமும் தீர்த்தனவோ என்று கேட்பாருளர். உண்மையே. ஆயின் சூலை தீர்ந்தபின் சுவாமிகள் என் செய்தார் என்பதையும் நோக்குதல் வேண்டும். கையில் உழவாரம் ஏந்தித் திருமுற்றந்தோறும் புல் செதுக்கினார். தலந்தோறும் காலால் நடந்தார். எண்பத்தோராண்டு வாழ்ந்தார் என்பது வழிவழி வரும் கொள்கை. அருள்பெற்ற உடம்பைச் சாய்வு நாற்காலியில் இருத்தியதாகச் சேக்கிழார் யாண்டும் கூறிற்றிலர். உடம்பை இகழ்ந்து கெடுத்தல் ஆகாதென்னும் கருத்தைத் திருமூலர் மூன்றாந் தந்திரத்தில் காயசித்தி உபாயம் எனத் தனித் தலைப்பிட்டே ஓதினமையும் நாம் அறிந்ததே.

இப்போது என் நாள் இவ்வாறு செல்கின்றது. கோயிலுக்கு வைகறையிற் செல்கின்றேன். அப்போது கல் குளிர்ந்திருக்கும். தடித்த பருத்திக் காலுறை அணிந்து செல்கின்றேன், ஒருவரும் தடுத்திலர். வெளியே நடப்பது மெத்தென்ற செருப்போடு. சோறு ஒரு கைப்பிடி, காய் இரு கைப்பிடி. பொங்கல் வழங்கின் ஒரு பருக்கை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயிலிட்டு, எஞ்சியதை அருகிலுள்ள பிள்ளைக்குக் கொடுக்கின்றேன். காப்பி சர்க்கரையின்றிக் கசக்கின்றது. ஆறாண்டாகியும் அக்கசப்பு எனக்குப் பழகவில்லை என்பதை மறைப்பானேன்? இறைவன் இன்பதுன்பங்களை ஊட்டி வினையறுப்பதற்குச் சித்தியார் மருத்துவனை உவமித்து, சில நோயை அறுத்துக் கீறியும் சிலவற்றைப் பாலும் கட்டியும் கொடுத்தும் தீர்ப்பான் என்கின்றது. எனக்குக் கிடைத்தது முன்னையது. இரவில் ஐந்தெழுத்து எண்ணி முடித்தபின் என் பெயரன் ஒரு கைக்கண்ணாடியை என் உள்ளங்காலின் கீழ்ப் பிடிப்பான். வெடிப்போ கொப்புளமோ உளதா என்று இருவரும் பார்ப்போம். அவன் அதனைக் கால்பூசை என்பான்.

சென்ற ஆடித் தபசின்போது விடியலில் என் அளவுக்கு மூன்று சுற்று முடித்து மண்டபத்தில் அமர்ந்திருந்தேன். முன்னாள் மாணாக்கர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், நாற்பதாவது சுற்று என்று சொல்லி அருகில் அமர்ந்தார். அவர்க்கும் நீரிழிவு உண்டு. காலைக் காட்டுக என்றேன். "எல்லாம் பிராரத்தம், ஐயா, தாங்கள் கற்பித்ததுதானே" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். குதிகாலில் ஓர் ஆழ்ந்த வெடிப்பு. அதனுள் மணலும் காய்ந்த குருதியும். வலிக்கவில்லையா என்றேன். இல்லை என்றார். அவரை எழுப்பி வெளியே குழாயடிக்கு அழைத்துச் சென்று கால் கழுவச் செய்து, இருவருமாக அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவிற் சென்றோம். எஞ்சிய அறுபத்தெட்டுச் சுற்றுக்கு என் செய்வது என்று வழிநெடுக வருந்திக்கொண்டே வந்தார்.