பெயரும் வழியும்

பொருளொன்றுக்குப் பெயரிட்டதும் அது நம் கைவசமாகிவிட்டதென எண்ணுதல் மனித இயல்பு. ஆயினும், பெயரைச் சொன்னவுடன் பொருள் வந்து சேர்வதற்கு இரண்டுக்குமிடையே ஒரு வழி வேண்டும். அவ்வழியை அமைப்பவரும் காப்பவரும் பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை. பெருங்கணினிகளிலே பயனர் மாற்றுப்பெயர்களையும் பட்டியல்களையும் பராமரிக்கும் பணியிற் சில ஆண்டுகள் ஈடுபட்டிருந்த எனக்கு, இவ்வுண்மை நூலறிவாலன்றி அன்றாட அலுவலாலேயே புலனாயிற்று.

ஐ.பி.எம். நிறுவனம் 1964 இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினி வரிசையோடு தோன்றிய பணிசெயல் முறைமை, 1974 இல் எம்.வி.எஸ். என வளர்ந்து, 2001 முதல் இசட்/ஓ.எஸ். என்னும் பெயரில் வங்கிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் இயங்கி வருகின்றது. அம்முறைமையிலே தரவுத் தொகுதி ஒவ்வொன்றும் புள்ளிகளாற் பிரிக்கப்பட்ட பெயரொன்றைத் தாங்கி நிற்கும். பகுதியொன்றுக்கு 8 எழுத்துகளும், புள்ளிகள் உட்பட முழுப்பெயருக்கு 44 எழுத்துகளுமே எல்லை. முதற்பகுதி பெரும்பாலும் உரியவரின் பயனர் பெயராக அமையும். அப்பயனர் பெயரோ 2017 வரை 7 எழுத்துகளைத் தாண்ட முடியாதிருந்தது. சிவசுப்பிரமணியம் என்னும் பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதப் புகுந்தால் பதினைந்து வேண்டும். ஏழில் நிறுத்தினால் அவர் வெறும் 'சிவசுப்' ஆகிவிடுவார். இயந்திரத்துக்கு அவர் யாரென்பது பொருட்டன்று; அப்பெயர் எங்கே செல்கின்றது என்பதே பொருட்டு.

அதனைச் சொல்வது பட்டியல். பட்டியல்கள் இரு படியின. முறைமைக்கு முதன்மைப் பட்டியல் ஒன்று; அதன் கீழே பயனர் பட்டியல்கள் பல. முதன்மைப் பட்டியலில் எழுதப்படும் சிறு பதிவே மாற்றுப்பெயர். 'இந்த முதற்பகுதியுடைய பெயர்களை இன்ன பயனர் பட்டியலிலே தேடுக' என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. தொகுதி எந்த வட்டில் உள்ளதெனப் பயனர் பட்டியல் கூறும். வட்டின் எப்பகுதியில் உள்ளதென அவ்வட்டின் உள்ளடக்க அட்டவணை கூறும். ஊருக்குப் புதியவர் சந்திக் கடையில் விசாரிப்பதை இதற்கு ஒப்பிடலாம். கடைக்காரருக்கு எல்லா வீடுகளும் தெரியவேண்டியதில்லை. இன்ன குடும்பத்தார் இன்ன ஒழுங்கையில் இருக்கின்றனர் என்று காட்டினாற் போதும். வீட்டை ஒழுங்கையிலுள்ளோர் காட்டுவர்.

இந்த ஏற்பாட்டின் நோக்கம் மனங்கொள்ளத்தக்கது. பயனர் பட்டியலொன்று பழுதானால் அதனைச் சார்ந்தோர் மட்டுமே இடர்ப்படுவர். முதன்மைப் பட்டியல் பழுதானாலோ முறைமை முழுவதுமே எழுந்திருக்க மாட்டாது. ஆதலின் முதன்மைப் பட்டியலைச் சிறியதாக வைத்திருத்தல் இத்தொழிலின் முதல் ஒழுக்கம். புதிய பயனரொருவர் வந்ததும், அவர் எதனையும் ஆக்குமுன்னரே மாற்றுப்பெயரை வரையறுத்துவிடல் வேண்டும். அது விடுபட்டு, காப்பு விதிகளும் தடுக்காவிடின், அவருடைய பதிவுகள் முதன்மைப் பட்டியலிலேயே குவியும்.

வருபவரை வரவேற்கும் விதி எளிது. செல்பவரை வழியனுப்பும் விதியே கடினமானது. நான் பணியாற்றிய நிறுவனமொன்றில் அலுவலர் ஒருவர் இளைப்பாறிய அன்றே அவருடைய பயனர் பெயரையும் மாற்றுப்பெயரையும் நீக்கிவிட்டனர். நிருவாக நோக்கிலே அது குறைகாண முடியாத ஒழுங்கு. சில மாதங்களின் பின்னர், ஆண்டிறுதிக் கணிப்புக்கான வேலைத்திட்டம் அவர் பெயரிலிருந்த தரவுத் தொகுதியொன்றைக் கேட்டு, அது காணப்படவில்லையென நின்றது. அவர் பல ஆண்டுகளாகத் திருத்திச் சேர்த்த வீத அட்டவணைகள் அழிந்தே போயின எனப் பலரும் முடிவு செய்தனர். சிலர் அவர்மேற் பழிசொல்லவும் தலைப்பட்டனர்.

உண்மையில் ஒன்றும் அழிந்திருக்கவில்லை. தரவுகள் வட்டிலே இருந்தன. பயனர் பட்டியலில் அவற்றின் பதிவுகளும் இருந்தன. சந்தியில் நின்று ஒழுங்கையைக் காட்டும் ஒரு வரிதான் இல்லாதொழிந்தது. அதே பயனர் பட்டியலைச் சுட்டி மாற்றுப்பெயரை மீள வரையறுக்க ஒரு கட்டளையே போதுமாயிருந்தது. யாவும் முன்போலத் தோன்றின. பழி சொன்னோர் தம் சொல்லை மீளப்பெற்றனரா என்பதை நான் அறியேன்.

இதற்கு மறுதலையான தீங்கும் உண்டு. சென்றவரின் மாற்றுப்பெயரை அப்படியே விட்டுவைத்து, பின்னொரு நாளில் அதே பயனர் பெயரைப் புதியவருக்கு வழங்கினால், முன்னவரின் உடைமைகள் யாவும் பின்னவர் பெயரிலே கிடக்கும். அவை எவை, எதற்கானவை என்பதை அறியாத ஒருவர் அவற்றைக் குப்பையெனத் துடைத்துவிடவும் கூடும். முன்னையது பொருளிருக்க வழியை இழத்தல். பின்னையது வழியிருக்கப் பொருளை இழத்தல்.

ஆகவே முறையான வரிசை ஒன்றே. முதலில் அப்பெயரின் கீழுள்ளவற்றைப் பட்டியலிட்டுப் பார்த்தல். பின்னர் வேண்டியவற்றைப் பொறுப்பானவரின் பெயருக்கு மாற்றி, அவற்றைப் பயன்படுத்தும் வேலைத்திட்டங்களையும் திருத்துதல். வேண்டாதவற்றை அறிந்தே அழித்தல். ஈற்றிலேயே மாற்றுப்பெயரை நீக்குதல். இதற்குச் சில மணிநேரமும் சிறிது பொறுமையும் வேண்டும். நீக்கும் கட்டளைக்கு ஒரு கணம் போதும். அக்கணத்தின் எளிமையே ஆபத்தானது.

ஒருவர் இளைப்பாறுகையில் மாலை அணிவித்து அனுப்பும் நிறுவனங்கள் பல. அவர் செய்துவைத்த வேலையைப் பின்வருவோர் தேடிக் காணுமாறு வழிவிட்டு வைப்பனவோ சிலவே. மாலை அன்றே வாடிவிடும். ஒருவரின் உழைப்புக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அதனை மற்றொருவர் சென்றடையும் வழியைத் திறந்து வைத்தலேயாகும்.