ஜாபிதாவில் காணாமற்போன பெயர்கள்

தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்குப் பெயரால் வரும் தொல்லை புதிதன்று. எந்தப் படிவத்தை எடுத்தாலும் குடும்பப் பெயர் யாதென்று கேட்கிறது. நமக்கோ தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். பின்னால் நிற்பது ஒன்றுமில்லை. ஆகவே அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறோம். காலியாக விட்ட அக்கட்டம் கம்ப்யூட்டருக்குள் சென்று என்ன செய்கிறதென்பதை நமது உத்தியோகத்தில் நேரிற் காண நேர்ந்தது. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய நமக்கே விளங்கிய விஷயமாதலால், அதனை அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

நாம் பணிபுரிவது வடக்கே ஒரு ரயில்வே ஊரில். சிப்பந்திகளின் பதிவுகளைப் பேணும் குமாஸ்தா வேலை. சென்ற ஆண்டு, குவார்ட்டர்ஸ் ஒதுக்குவதற்கான சீனியாரிட்டி ஜாபிதா அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. ஆட்சேபம் இருப்பின் 15 நாட்களுக்குள் எழுதித் தர வேண்டும். மறுநாட் காலையில் கீமேன் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். "தம்பி, பதினெட்டு வருஷமாத் தண்டவாளத்திலே நடக்கிறேன். எனக்குப் பின்னாலே வந்தவங்க பேரெல்லாம் இருக்கு. என் பேரைக் காணோமே!" என்றார். மாலைக்குள் மேலும் சிலர் வந்தனர். வந்தவர் யாவரும் தமிழர். மதராஸிகளை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டார்கள் என்ற பேச்சு காலனி முழுவதும் பரவிற்று. மகளுக்குப் பேறுகாலம் நெருங்கும் வேளையில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருப்பவருக்கு அத்தகைய மனத்தாங்கல் எளிதில் ஆறுவதன்று.

பேச்சை நம்புமுன் எண்ணிப் பார்ப்போம் என்று கருதினோம். பதிவேட்டில் தகுதியுடையோர் 412 பேர். ஜாபிதாவிலோ 395 பேர். விடுபட்ட 17 பெயர்களையும் ஒரு தாளில் தனியே எழுதினோம். பதின்மூவர் தமிழர், நால்வர் பிற மாநிலத்தார். அந்நால்வரும் ஒற்றைப் பெயர்க்காரர்கள். மறுபுறம், தகப்பனார் பெயரையே குடும்பப் பெயராக எழுதிக்கொடுத்திருந்த தமிழர் இருவர் ஜாபிதாவில் பத்திரமாக இருந்தனர். எனவே பாஷையைப் பார்த்து ஒருவரும் கழிக்கவில்லை என்பது தெளிவாயிற்று.

அறிக்கை அச்சிடும் மென்பொருளைச் செய்து கொடுத்த வெளி ஸ்தாபனத்தின் இளைஞர், தேதியில்தான் கோளாறு என்று முதலில் எண்ணினார். 3-4-2014 என்பதை ஏப்ரல் 3 என்றும் கொள்ளலாம், மார்ச் 4 என்றும் கொள்ளலாம் அல்லவா? நாமோ விடுபட்டோரில் 12-12-2012 அன்று வேலைக்குச் சேர்ந்த ஒருவரைக் காட்டினோம். நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டாலும் அத்தேதி மாறாது. ஆயினும் அவர் பெயரும் இல்லை. தேதி நிரபராதி என்றாயிற்று.

இனி இயந்திரத்திடம் கேட்கப்படும் கேள்வியைப் பார்ப்போம். தகவல்களை வரிசைகளும் பத்திகளும் கொண்ட அட்டவணைகளாக வைக்கும் முறையை 1970-இல் ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த காட் என்பவர் வகுத்தார். அவற்றிலிருந்து வேண்டியதைக் கேட்டு வாங்கும் பாஷையை அதே கம்பெனியின் சேம்பர்லினும் பாய்ஸும் 1974-இல் வெளியிட்டனர். இன்று எஸ்.க்யூ.எல். எனப்படுவது அதன் வழிவந்ததே. நமது திரையில் பிரிவு, பதவி, குடும்பப் பெயர் என மூன்று கட்டங்கள் உள. நாம் நிரப்புவதைக் கொண்டு மென்பொருளே அந்தந்த நேரத்தில் கேள்வியைக் கோத்துக்கொள்கிறது. கோத்த கேள்வி கண்ணுக்குத் தெரிவதில்லை. விடை மட்டுமே தெரிகிறது. அதை ஓட்டுமுன் எழுத்தில் அச்சிட்டுக் காட்டுமாறு இளைஞரைக் கேட்டோம். பிறகு நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நீக்கி எண்ணினோம். பிரிவை நீக்கினோம், 395. பதவியை நீக்கினோம், 395. குடும்பப் பெயரை நீக்கினோம், 412!

திரையில் குடும்பப் பெயரைக் காலியாக விட்டால், மென்பொருள் அங்கே ஒரு சதவிகிதக் குறியை இட்டு, "குடும்பப் பெயர் எதுவாயினும் சரி" என்று கேட்டிருந்தது. அக்குறி எந்தச் சொல்லுக்கும் பொருந்தும். ஆனால் பதிவேட்டில் ஒன்றுமே எழுதப்படாத இடம் சொல் அன்று. அதனை 'நல்' என்கிறார்கள். (தமிழில் நல் என்றால் நன்மை, இங்கே அது நன்மை செய்யவில்லை!) அதை எதனோடு ஒப்பிட்டாலும் 'ஆம்' என்றும் வராது, 'இல்லை' என்றும் வராது, 'தெரியாது' என்றே வரும். ரயில் நிலைய வாசலில் நிற்கும் டிக்கெட் பரிசோதகர் போல, இயந்திரம் 'ஆம்' என்றவரை மட்டுமே வெளியே விடும். 'தெரியாது' என்பவரும் டிக்கெட் இல்லாதவரோடு நிறுத்தப்படுவார்.

"இந்தப் பதினேழு பேருக்கும் ஏதாவது ஒரு குடும்பப் பெயரை இட்டுவிட்டால் தீர்ந்தது" என்றார் இளைஞர். அதற்கு நாம் இணங்கவில்லை. சர்வீஸ் ரிஜிஸ்தரில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பிள்ளைகளின் பள்ளிச் சான்றில் வேறொன்று என்றால், ஓய்வூதியம் வாங்கும் நாளில் அந்த ஏழை எந்த ஆபீஸின் படியில் நிற்பான்? திருத்த வேண்டியது கேள்வியை; மனிதனின் பெயரை அன்று. கட்டம் காலியாயின் அந்த நிபந்தனையே கேள்வியிற் சேரலாகாது என்றோம். அவரும் ஒப்புக்கொண்டு அவ்வாறே செய்தார்.

அவ்வமயம் இன்னொன்றும் வெளிப்பட்டது. டி'சூசா என்ற பெயரை ஆங்கிலத்தில் தட்டினால் அறிக்கையே நின்றுவிடும். பெயரின் நடுவிலுள்ள குறியைக் கேள்வியிலுள்ள சொல்லின் முடிவுக் குறியென இயந்திரம் கொண்டதே காரணம். தட்டிய சொல்லைக் கேள்வியோடு ஒட்டிவிடாமல் தனியே அனுப்பும் வழி உண்டு, அதுவே முறை. ஒட்டும் வழக்கம் இருந்தால் தீய எண்ணமுடையோர் அந்தக் கட்டத்தின் வழியே கேள்வியையே மாற்றிவிடவும் கூடும் என்று இளைஞர் விளக்கி, அதனையும் சீர்செய்தார்.

ஒன்பதாம் நாள் 412 பெயர்களோடு ஜாபிதா மறுபடி ஒட்டப்பட்டது. கீமேன் பெரியவர் தமக்குரிய இடத்தில் இருந்தார்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பெயர் ஒரு ஜாபிதாவில் இல்லையாயின் தனியே வருந்தி இராதீர்கள். உங்களோடு விடுபட்டவர் யார் யார் என்று விசாரித்து, அவர்க்கெல்லாம் பொதுவானது யாதென்று பாருங்கள். தவணைக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, மொத்த எண்ணிக்கையையும் ஜாபிதாவின் எண்ணிக்கையையும் ஒப்பிடக் கோருங்கள். யாரேனும் வசதிக்காக உங்கள் பெயரோடு ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னால், மற்றப் பத்திரங்களில் உள்ளதைப் பாராமல் கையெழுத்திடாதீர்கள்.