பத்தாம் தேதி

புரோகிராம் எழுதுகிறவர்களும் எழுதுகிறவர்கள்தான் என்பதை இந்தப் பக்கங்களைப் படிக்கும் நண்பர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொள்ளச் சொல்லி நான் வற்புறுத்தப் போவதுமில்லை. ஆனால் பகல் பூராவும் பிறர் எழுதிவைத்துப் போன வரிகளைப் படிப்பதுதான் என் பிழைப்பு. எழுதியவர் போய்விட்டிருப்பார்; வேறு வேலை, வேறு ஊர், சமயத்தில் வேறு உலகம். வரிகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எங்கே சுற்றிவளைத்திருக்கிறது, எங்கே சொன்னதையே திரும்பச் சொல்லியிருக்கிறது என்று கண்டுபிடித்து, செய்கிற காரியம் மாறாமல் உருவத்தை மட்டும் திருத்த வேண்டும். ரீஃபாக்டரிங் என்று இதற்குப் பெயர். குடியிருப்பவர்களை வெளியே அனுப்பாமல் கூரைக்கு ஓடு மாற்றுகிற வேலை.

இந்த வேலைக்கு நான் கொண்டுபோன ருசி கவிதையிலிருந்து வந்தது. இருபது வயதில் படித்த விமர்சனக் கட்டுரைகள் எனக்குச் சொற்சிக்கனத்தை வேதமாக்கியிருந்தன. அடைமொழியைக் கண்டால் கை தானாக அடிக்கப் போகும். ஆபீஸிலும் அதே கைதான். ஒரே விஷயம் இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருந்தால் எனக்கு உடம்புக்கு ஆகாது. நிர்தாட்சண்யமாக வெட்டுகிறவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அதில் பெருமையும் இருந்தது.

எங்கள் தொழிலில் விமர்சனத்துக்கு எண் உண்டு. 1976-ல் தாமஸ் மக்கேப் என்பவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு புரோகிராம் துண்டுக்குள் தனித்தனிப் பாதைகள் எத்தனை என்று எண்ணி, அதையே சிக்கலின் அளவாகக் கொள்ளலாம் என்றார். 'இப்படியானால் அப்படி' என்று கிளை பிரியும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்று. மொத்தத்தோடு இன்னும் ஒன்று. பத்தைத் தாண்டினால் உடைத்து எழுது என்பது அவர் வைத்த வரம்பு. இதில் அபத்தம் இல்லாமல் இல்லை. நாற்பது ஊர்களுக்கு நாற்பது கிளை என்று சமர்த்தாக அடுக்கிய பட்டியல் நாற்பதைத் தாண்டிவிடும். படிக்கிறவன் மண்டையை உடைத்துக்கொள்ளும்படி பின்னிய எட்டுக் கிளைகள் தப்பித்துக்கொள்ளும். (மக்கேப்புக்கே இது தெரியும், அத்தகைய பட்டியல்களுக்கு விலக்குக் கொடுத்திருந்தார். அவரைப் பின்பற்றியவர்கள்தான் விலக்கை மறந்தார்கள்.) உவமைகளை எண்ணி டாக்டர் பட்டம் வாங்குகிறவர்களை நாம் கேலி செய்கிறோம். எதையும் எண்ணாமல் வெறும் அபிப்ராயத்திலேயே நடக்கிற விமர்சனத்தின் லட்சணத்தையும் பார்த்திருக்கிறோம். எண்ணை வைத்துக்கொண்டு எங்கே போய்ப் படிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். போய்ப் படித்தாக வேண்டும்.

திரும்பச் சொல்லலைக் கண்டுபிடிப்பது இன்னும் சுவாரஸ்யமான விஷயம். லட்சக்கணக்கான வரிகளில் மனிதக் கண் இதற்கு உதவாது. கருவிகள் இருக்கின்றன. ஒரு வகைக் கருவி வரிகளைச் சொற்களாக உடைத்து, நூறு சொல் கொண்ட ஒவ்வொரு தொடருக்கும் ஓர் எண் கணித்து, அதே எண் வேறெங்கே வருகிறது என்று தேடும். கார்ப், ராபின் என்ற இருவர் 1987-ல் வெளியிட்ட முறை அது. அச்சுக்கு அச்சு ஒன்றாக இருப்பவை சுலபமாக அகப்பட்டுவிடும். பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டு திரிபவற்றைப் பிடிக்க பெல் ஆய்வுக்கூடத்தில் பிரெண்டா பேக்கர் தொண்ணூறுகளில் வழி கண்டார். நடுவில் இரண்டு வரி சேர்த்தோ விட்டோ எழுதியவை கொஞ்சம் கஷ்டம். வேறு சொற்களில் அதே காரியத்தைச் செய்பவை எல்லாவற்றிலும் கஷ்டம். இரண்டு புரோகிராம்கள் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றனவா என்று எல்லாச் சந்தர்ப்பத்துக்கும் பொதுவாகத் தீர்மானிக்கும் முறை இருக்கவே முடியாது என்பது கணிதத்தில் நிரூபணமானது. கவிதைத் திருட்டு பற்றிச் சண்டை போடுகிறவர்கள் இதில் ஆறுதல் அடையலாம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வங்கியின் புரோகிராம்கள் என் கைக்கு வந்தன. சேமிப்புக் கணக்குக்கு வட்டி கணிக்கும் பகுதி. கருவியை ஓடவிட்டதில் ஏழு இடங்களில் ஏறக்குறைய அதே அறுபது வரி அகப்பட்டது. யாரோ ஒருவர் எழுதியதை மற்றவர்கள் எடுத்து ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒரு பிரதியில் லீப் வருஷத்து பிப்ரவரி தவறாக இருந்தது. மற்றவற்றில் யாரோ எப்போதோ செய்த திருத்தம் இதற்கு வந்து சேரவில்லை. திரும்பச் சொல்லலின் பாவம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். ஏழாவது பிரதி வேறு மாதிரி. மற்ற ஆறும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு நாள் இருப்பையும் கூட்டிக்கொண்டு போயின. ஏழாவது பத்தாம் தேதியில் தொடங்கியது. கூட்டவும் இல்லை, இருப்புகளில் ஆகச் சிறியதை எடுத்துக்கொண்டது. பெயரின் கடைசியில் 'ஓல்ட்' என்று ஒட்டியிருந்தது. விளக்கம் ஒரு வரிகூடக் கிடையாது.

அப்போது என் மனதில் இருந்தது ஆப்பிள் விவகாரம். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் ஒரு திருத்தத்தை அவசரமாக வெளியிட்டது. இணையத்தில் எதிர்முனையில் இருப்பவர் தாம் சொல்லிக்கொள்கிறவர்தானா என்று கையெழுத்தைச் சோதிக்கும் பகுதியில், 'கோட்டோ ஃபெயில்' என்ற வரி ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தடவை இருந்தது. முதலாவது ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவதும் அதே அளவு உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்ததால் அதே நிபந்தனைக்குக் கீழே இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றியது. உண்மையில் அது எதற்கும் கட்டுப்பட்டதல்ல. ஆகவே எப்போதும் அங்கிருந்து தாவல். கையெழுத்துச் சோதனை நடப்பதேயில்லை. தாவும்வரை பிழை எதுவும் பதிவாகாததால் எல்லாம் சரி என்றே விடை. ஒரே ஒரு வரி இரண்டு தடவை வந்ததன் விளைவு. 'கோட்டோ'வை எதிர்த்து டைக்ஸ்ட்ரா கடிதம் எழுதியது 1968-ல். நாற்பத்தாறு வருஷம் கழித்து அதே வார்த்தை, இரட்டையாக. என் வெறுப்புக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஏழையும் ஒன்றாக்கினேன். நானூற்றிச் சொச்சம் வரி அறுபதாயிற்று. 1982-ல் இதே ஆப்பிளில், வாரம் எத்தனை வரி எழுதினாய் என்று படிவம் நீட்டிய நிர்வாகத்துக்கு, ஒரு பகுதியைச் சுருக்கித் திருத்தி எழுதிய பில் அட்கின்சன் 'கழித்தல் 2000' என்று பூர்த்தி செய்து கொடுத்தாராம். அந்தக் கதையை அன்று இரண்டு பேரிடம் சொன்னேன். ஏழாவதின் வித்தியாசத்தை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். பத்து என்பது ஒன்றுக்குப் பதில் யாரோ கைதவறி அடித்தது என்று முடிவு செய்தேன். ஆகச் சிறிய இருப்பு என்பது அரைகுறைப் புரிதல் என்று முடிவு செய்தேன். இருந்த சோதனைகள் எல்லாம் தேறின. ஏழாவதுக்கென்று சோதனை எதுவும் இருக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து வங்கியிலிருந்து ஒரு கடிதத்தின் நகல் என் மேஜைக்கு வந்தது. ஒரு முதியவருக்கு எழுதியது. இறந்துபோன மனைவியின் கணக்கை முடிக்க அவர் பாஸ்புக்கோடு வந்திருக்கிறார். பேரேட்டிலிருந்து கணினிக்கு மாற்றியபோது அந்த அம்மாளின் கணக்கில் 2006, 2007 வருஷத்துப் பதிவுகள் சில விட்டுப்போயிருந்தன. அவற்றைச் சேர்த்து, அந்த மாதங்களுக்குத் திரும்ப வட்டி கணித்துக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு தணிக்கையில், அதிகம் கொடுத்தது வெளிப்பட்டது. 'தங்கள் மனைவியின் கணக்கில் நேர்ந்த தவறு காரணமாக' கூடுதலாக வழங்கப்பட்ட 612 ரூபாயைத் திருப்பிச் செலுத்தும்படி கடிதம் கேட்டுக்கொண்டது. தவறு அந்த அம்மாளின் கணக்கில் நேர்ந்திருந்தது. யார் செய்தது என்று கடிதத்தில் இல்லை.

கிளைக்குப் போன் செய்தேன். ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒருவர் எடுத்தார். நான் சொன்னதை முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"பத்தாம் தேதி கணக்கு சார் அது. உங்க வீட்ல யாரும் பாங்க்ல பணம் போட்டதே இல்லையா?"

சேமிப்புக் கணக்குக்கு அன்றாட இருப்பின் மேல் வட்டி என்பது வர்த்தக வங்கிகளில் 2010 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வந்தது. ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதற்கு முன்னால், மாதத்தின் பத்தாம் தேதியிலிருந்து கடைசித் தேதிவரை கணக்கில் இருந்த ஆகக் குறைந்த தொகைக்குத்தான் அந்த மாத வட்டி. பத்தாயிரம் ரூபாயில் பன்னிரண்டாம் தேதி ஒன்பதாயிரத்து ஐந்நூறை எடுத்து இருபதாம் தேதி திரும்பப் போட்டாலும், மாதம் முழுதுக்கும் ஐந்நூறுக்குத்தான் வட்டி. அன்றைய 3.5 சதவீதத்தில் ஒன்றரை ரூபாய்கூட வராது. நியாயமான விதி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதுதான் விதி. ஏழாவது பிரதி அந்த விதி.

வீட்டில் பணம் போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு ஏழாம் தேதி சம்பளம். கடன்களைத் தீர்த்து மிஞ்சியதைப் பத்தாம் தேதி பாங்க் மூடுவதற்குள் போட்டாக வேண்டும் என்று வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போவார். "இன்னிக்கு விட்டா ஒரு மாச வட்டி போச்சு." மாதாமாதம் கேட்டு அலுத்த வாக்கியம். அந்தப் பத்துதான் திரையில் என் முன்னால் இருந்தது. அதைக் கைத்தவறு என்று நான் அடித்தேன்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஓப்டைக் ரீஃபாக்டரிங் பற்றி ஆய்வேடு எழுதியது 1992-ல். அதைப் பரவலாக்கியது 1999-ல் வந்த மார்ட்டின் ஃபௌலரின் புத்தகம். வெளியே தெரியும் நடத்தை மாறாமல் உள் அமைப்பை மாற்றுவது என்று அவர் வரையறுக்கிறார். எத்தனையோ பேருக்கு நான் ஒப்பித்த வரையறை. வெளியே யாருக்குத் தெரியும் நடத்தை என்று ஒருமுறையும் கேட்டுக்கொண்டதில்லை. எனக்குத் தெரிந்தது சோதனைகளுக்குத் தெரிந்த அளவுதான். திரும்பச் சொல்லாதே என்ற கட்டளையை எங்களிடையே வேரூன்றச் செய்தது ஹன்ட், தாமஸ் இருவரின் புத்தகம். அதுவும் 1999-ல் வந்ததுதான். அதை ஆயுதமாக வைத்துக்கொண்டுதான் நாங்கள் வெட்டுகிறோம். ஆனால் அவர்கள் பேசுவது வரிகளைப் பற்றி அல்ல, ஒரு விஷயத்தைப் பற்றிய அறிவு ஓர் இடத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி. என் ஏழு பிரதிகளில் இருந்தது இரண்டு விதிகள். உருவ ஒற்றுமையைப் பார்த்த கருவி ஏழு என்றது; நான் ஒன்று என்றேன்.

உ.வே. சாமிநாதையர் ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டு, தாம் கொண்ட பாடத்தை மேலே வைத்து, மற்றப் பிரதிகளில் கண்ட பேதங்களை அடிக்குறிப்பாகக் கீழே தந்தார். இதைப் பற்றி நண்பர்களிடம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். பாடபேதம் என்று ஒன்று உண்டு என்பது ஆபீஸ் வாசலுக்குள் நுழைந்ததும் எனக்கு மறந்துவிடுகிறது.

நல்லவேளையாகப் பழைய வடிவங்கள் அழிவதில்லை. சேமிக்கிற ஏற்பாடு உண்டு. தேடிப் பார்த்தேன். 2010 மார்ச்சில் புது விதியை எழுதியவர் பழையதை மறந்து விட்டுவிட்டுப் போகவில்லை. பெயர் மாற்றித் தனியே எடுத்து வைத்திருக்கிறார். 'ஓல்ட்' என்ற அந்த ஒட்டு, குப்பை என்பதற்கு அல்ல, பழைய காலத்துக்கு உரியது என்பதற்கு. ஒரு வரி விளக்கம் எழுதியிருக்கலாம் என்று அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அவர் எழுதாததில் எனக்குக் கொஞ்சம் சௌகரியமும் இருந்தது.

இதனால் நான் கட்சி மாறிவிடவில்லை. ஆறு பிரதிகளை ஒன்றாக்கியது சரிதான். அந்த பிப்ரவரி திருந்திற்று. ஏழாவதைத் திரும்ப எடுத்து வைத்தேன். பெயரில் 2010 என்ற வருஷத்தைச் சேர்த்தேன். விதியை நாலு வரியில் எழுதினேன். அந்த அம்மாளின் பாஸ்புக்கில் இருந்த இருபத்துநாலு மாதங்களையும் அதற்குச் சோதனையாக வைத்தேன், பெயர் இல்லாமல். 612 ரூபாயை நான் கட்டிவிடுகிறேன் என்று வங்கியிடம் சொன்னேன். அப்படியொரு நடைமுறை இல்லை என்றார்கள். முதியவர் அடுத்த வாரமே வந்து கட்டிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

கருவி இப்போதும் அந்த இரண்டையும் ஒன்றின் பிரதி மற்றொன்று என்று சிவப்பில் காட்டிக்கொண்டிருக்கிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அந்தச் சிவப்பைக் காட்டி, "இதைச் சேர்த்துடட்டுமா சார்?" என்று கேட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். பாஸ்புக் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள்.