அது வயிற்றுவலி இல்லை!

2016-ம் வருஷம் தீபாவளிக்கு, மன்னார்குடிப் பக்கம் இருக்கும் என் புகுந்த வீட்டுக்குப் போயிருந்தோம். வயலை ஒட்டிய ஓட்டு வீடு. குழந்தைகள் எல்லோரும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். துவைத்துப் போட்ட கொசுவலை ஈரம் காயவில்லை. 'ஒரு ராத்திரிதானே' என்று விட்டுவிட்டேன்.

விடியற்காலை நாலு மணி இருக்கும். நாத்தனார் மகன், 11 வயசு, என்னை வந்து எழுப்பினான்.

"அத்தை, வயிறு வலிக்குது."

தீபாவளிப் பலகாரம் சேரவில்லை என்று நினைத்து, ஓம வாட்டர் கொடுத்துப் படுக்க வைத்தேன். அவன் அம்மாவைக்கூட எழுப்பவில்லை. அரை மணி கழித்து மறுபடி வந்தான். "எச்சில் முழுங்க முடியல அத்தை." குரல் குழறியது. கண் இமைகள் பாதி இறங்கியிருந்தன.

நாத்தனார் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓடி வந்தார். குழந்தையின் முகத்தைப் பார்த்ததுமே, "இது வயித்துவலி இல்லம்மா, கட்டுவிரியன் வேலை!" என்றார். தேடிப் பார்த்தால் காதுக்குப் பின்னால் கொசு கடித்த மாதிரி ஒரு தடம். வீக்கமும் இல்லை, ரத்தமும் இல்லை.

மாமியார், "மந்திரிக்கிறவரைக் கூப்பிடுங்கடா" என்று அழுதார். பெரியவர் காதில் வாங்காமல் 108-க்குப் போன் போட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது பையனுக்கு மூச்சே திணறியது. விஷமுறிவு ஊசி ஏற்றி, செயற்கை சுவாசக் கருவி பொருத்தினார்கள். மூன்றாம் நாள்தான் தானாக மூச்சு விட்டான். அந்த மூன்று நாளும் நாத்தனார் முகத்தை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பிறகு டாக்டரம்மா சொன்னதை எல்லாம் மனசில் எழுதி வைத்திருக்கிறேன். சகோதரிகளே, நீங்களும் வையுங்கள்.

கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலி அதிகம் தெரியாது. வயிற்றுவலி, இமை இறங்குவது, பேச்சுக் குழறுவது, விழுங்க முடியாமை, இவைதான் அடையாளம். கண்ணாடிவிரியன் கடித்தால் வேறு மாதிரி: கடுமையான வலி, வீக்கம், ஈறில் ரத்தக் கசிவு.

எந்தப் பாம்பானாலும் முதலில் தைரியம் சொல்லுங்கள். வளையல், மோதிரம், கொலுசைக் கழற்றிவிடுங்கள்; வீங்கினால் இறுக்கும். கடிபட்ட கை காலை அசையாமல் ஒரு மரப்பட்டையோ அட்டையோ வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். வாந்தி, மயக்கம் இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாப்பிடக் குடிக்க எதுவும் தர வேண்டாம்.

கயிற்றால் இறுக்கக் கட்டாதீர்கள். ரத்த ஓட்டம் நின்று உறுப்பே அழுகிப் போகலாம். யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால், அதை ஆஸ்பத்திரியில்தான் அவிழ்க்க வேண்டும். பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, பச்சிலை அரைப்பது எல்லாம் நேர விரயம்.

பாம்பை அடித்து எடுத்துப் போகவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே ஊசிதான். அதற்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவு சங்கத்தார் என்று அறிந்தபோது, அந்தத் திசை நோக்கிக் கும்பிட்டேன்.

நாத்தனார் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "நீங்க என்ன கண்டீங்க அண்ணி" என்பாள். ஆனாலும் அந்த அரை மணி என் மனசை விட்டுப் போகவில்லை.

இப்போது ஊருக்குப் போனால், படுக்கும் முன் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நானே சுற்றிலும் செருகிவிடுகிறேன். "அத்தைக்கு வேற வேலையே இல்லை" என்று சிரிக்கிறான், இன்று என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளை. சிரிக்கட்டும்!