நான் வெட்டி எறிந்த பெயர்

முன்பின் தெரியாத ஓர் ஓவியரின் உழைப்பை நான் ஆண்டுக்கணக்காகத் திருடினேன். நண்பர்களுக்கு உதவுவதாகச் சொல்லிக்கொண்டே அதைச் செய்தேன். இனியும் மூடி வைக்க எனக்கு மனமில்லை.

நாங்கள் ஒரு சிறு கூட்டமாக வார இறுதிகளில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்கள். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து கொண்டுவந்த ஆட்டம் அது. ஒருவர் கதையை நடத்துவார்; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டுவார்கள். சண்டை மூண்டுவிட்டால் யார் எங்கே நிற்கிறார் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்காக ஓர் அங்குலக் கட்டம் போட்ட விரிப்பின் மேல் சிறு உருவங்களை நிறுத்துவோம். பிளாஸ்டிக்கில் நல்லதாக வாங்கினால் ஒன்றுக்கே சில நூறு ரூபாய் ஆகிவிடும். குகைக்குள்ளிருந்து காப்ளின் எனும் குட்டி அரக்கர் கூட்டமே பாய்ந்து வர வேண்டும் என்றால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

எங்களுக்குக் கைகொடுத்தது காகிதம். ஓவியர்கள் உருவங்களை வரைந்து பிடிஎஃப் ஆக விற்கிறார்கள். மூன்று நான்கு டாலருக்கு ஒரு படையே வந்துவிடும். காசில்லாதவன் வைக்கும் ஒப்புக்குச் சப்பாணி என்று இதை யாரும் நினைக்க வேண்டாம். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் 18ஆம் நூற்றாண்டிலேயே காகிதச் சிப்பாய்கள் உண்டு. எப்பினால் நகரத்து அச்சகங்கள் வெட்டி ஒட்டும் படைகளைத் தாள் தாளாக அச்சிட்டன. 1980களில் அமெரிக்காவின் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 'கார்ட்போர்ட் ஹீரோஸ்' என்று அட்டை உருவங்களை விற்றது.

இந்த வேலையில் எனக்குக் கை நன்றாகவே பழகியிருந்தது. 200 ஜிஎஸ்எம் தாள் வேண்டும். அச்சிடும்போது அளவு நூறு சதவீதத்தில் இருக்க வேண்டும். பக்கத்துக்குள் அடங்கட்டும் என்று விட்டுவிட்டால் உருவம் சுருங்கி, வாங்கி வைத்த அடித்தட்டில் சேராது. மை தீர்ந்த ரீஃபிலால், உருவத்தின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே உள்ள மடிப்புக் கோட்டின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தால் தாள் வெடிக்காமல் மடியும். ஃபெவிகால் தடவினால் தாள் நெளியும். கிளூ ஸ்டிக்தான் சரி. ஒட்டிக் காய்ந்த பிறகு புது பிளேடு போட்ட கட்டரால் வெட்டி, வெள்ளையாகத் தெரியும் ஓரத்தில் கறுப்பு மார்க்கரை ஓட்டினால் உருவம் சட்டென்று எழுந்து நிற்கும். மின்விசிறிக் காற்றுக்குச் சாயாமலிருக்க அடியில் ஒரு ரூபாய் நாணயம்.

நான் வாங்கிய கோப்பில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மெல்லிய வரி ஓடும். ஓவியரின் பெயர், கூடவே வாங்கியவன் என்ற முறையில் என் பெயர், ஆர்டர் எண். முதல் பக்கத்தில் நிபந்தனை இருந்தது: உங்கள் ஆட்டத்துக்கு எத்தனை படி வேண்டுமானாலும் அச்சிடலாம், கோப்பைப் பிறருக்குக் கொடுக்கவோ அச்சிட்டு விற்கவோ கூடாது. நான் அதைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் பக்கங்களைப் படமாக மாற்றி, அடிவரியை வெட்டிவிட்டு, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். என் பெயர் வெளியே தெரியக்கூடாது என்று வெட்டினேன். அதோடு சேர்ந்து அவர் பெயரும் போயிற்று. பிறகு ஒரு கல்லூரியில் நடந்த விளையாட்டுக் கூடுகையில், வெட்டி ஒட்டிய செட்டுகளை 150 ரூபாய்க்கு விற்றேன். தாளுக்கும் மைக்குமான காசு என்று சொன்னேன். லாபம் இருந்தது, எனக்குத் தெரியும்.

டாலரில் கட்ட மாணவர்களிடம் கார்டு ஏது, எங்கோ இருப்பவருக்கு இதனால் என்ன நஷ்டம் என்றெல்லாம் அப்போது காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. குழுவில் யார் புதிதாகச் சேர்ந்தாலும், "அண்ணனைக் கேளு, எல்லாமே வெச்சிருக்கார்" என்பார்கள். அந்தப் பெருமை எனக்கு வேண்டியிருந்தது. அடுத்தவர் பொருளை அள்ளிக் கொடுத்து வள்ளல் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

எங்களோடு ஆடும் கல்லூரிப் பையன் ஒருவன் தானே ஓர் உருவம் வரைந்து எடுத்து வந்தான். முன்பக்கம் நன்றாக வந்திருந்தது. மடித்து ஒட்டினால் பின்பக்கம் பொருந்தவில்லை. இரண்டு பக்கத்துக்கும் வெளிக்கோடு ஒன்றாக இருக்க வேண்டும், ஆனால் இடவலம் மாறி. வலக்கை வாள் முன்னிருந்து பார்த்தால் தாளின் இடப்பக்கம். பின்னிருந்து பார்த்தால் வலப்பக்கம். அம்பறாத்தூணியின் வார் மார்பில் எந்தத் தோளிலிருந்து இறங்கியதோ, முதுகிலும் அதே தோளிலிருந்து இறங்க வேண்டும். மாலை மாலையாக உட்கார்ந்தும் அவனுக்கு அது பிடிபடவில்லை. நான் கொடுத்த காப்ளினை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதை வரைஞ்சவர் யாருண்ணா? அவர்கிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும்" என்றான்.

எனக்குப் பெயர் நினைவில்லை. அவர் வரைந்ததை வைத்து அத்தனை நாள் ஆடியிருக்கிறேன், விற்றும் இருக்கிறேன். பெயர் சொல்லத் தெரியவில்லை. அன்றிரவு பழைய கோப்பைத் தேடித் திறந்து பார்த்துத்தான் அவனுக்குச் சொன்னேன்.

விற்ற பணத்தை ஓவியரின் இணையப் பக்கத்தில் செலுத்தி, நடந்ததை எழுதினேன். குழுவிலும் எழுதினேன். "எல்லாரும் பண்றதுதானே, இதைப் போய் பெரிசா எடுத்துக்கறீங்களே" என்றார் ஒருவர். அதை ஏற்க என்னால் முடியவில்லை. அந்தக் கோப்புகள் இன்னும் எத்தனை போன்களில் இருக்கின்றன, யார் யாருக்குப் போயின என்று எனக்குத் தெரியாது. இனி அவற்றைத் திரும்ப வாங்க வழியில்லை.

இந்தத் துறையில் ஓவியர்கள் கேட்பது மிகக் குறைவு. ஆஸ்ப்ரி பதிப்பகத்தின் வரலாற்று நூல்களுக்குப் படம் வரையும் பீட்டர் டென்னிஸ், 'பேப்பர்பாய்ஸ்' வரிசையில் முழுப் போர்ப்படைகளையே புத்தகமாகப் போட்டிருக்கிறார். வாங்கியவர் தமக்கு வேண்டிய மட்டும் நகலெடுத்துப் படையைப் பெருக்கிக்கொள்ளலாம் என்பதே ஏற்பாடு. இலவசமாக உருவங்கள் தரும் ஓவியர்களும் இருக்கிறார்கள். கையில் காசில்லாதவர் அவற்றை வைத்துத் தாராளமாக ஆடலாம். காசிருப்பவர் ஒருமுறை கொடுத்துவிடுங்கள். நண்பர் கேட்டால் கோப்பை அனுப்பாதீர்கள். வரைந்தவரின் பெயரையும் அவர் விற்கும் இடத்தையும் அனுப்புங்கள்.