காலிப் பெட்டி வந்து சேரும்வரை

2021 மார்ச் 29-ஆம் தேதி, சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிக் கிடந்த எவர் கிவன் கப்பல் மிதந்ததும் உலகமே கைதட்டியது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் ஆபரேஷன்ஸ் பார்க்கும் எனக்கு அன்றைக்குத்தான் போன் ஓயாமல் அடிக்கத் தொடங்கியது. 400 மீட்டர் நீளக் கப்பல் ஆறு நாள் வழியை அடைத்துக் கிடந்தபோது யாரும் என்னைத் திட்டவில்லை. காற்று அடித்தது, கப்பல் தரைதட்டியது, யார் என்ன செய்ய முடியும் என்று பொறுத்துக்கொண்டார்கள். வழி திறந்த மறுநாள் காலையிலிருந்து ஒரே கேள்வி: “அதான் தொறந்தாச்சே சார், எங்க சரக்கு எப்பப் போகும்?”

காத்திருந்த 422 கப்பல்களையும் கால்வாய் நிர்வாகம் ஏப்ரல் 3-க்குள் கடத்திவிட்டது. நாளுக்கு ஐம்பது கப்பல் போல விடுகிற இடத்தில் அது பெரிய வேலைதான். ஆனால் அந்தக் கப்பல்கள் அத்தனையும் எங்கே போகும்? ராட்டர்டாம், ஆண்ட்வெர்ப் என்று அதே நாலைந்து துறைமுகங்களின் வாசலில் போய் மொத்தமாக நின்றன. கால்வாயில் தீர்ந்த நெரிசல் துறைமுகத்தில் ஏறிக்கொண்டது. அங்கிருந்து லாரிக்கும் ரயிலுக்கும் ஆற்றுப் படகுக்கும் இறங்கியது. கடைசியில், எங்கள் யார்டுக்குத் திரும்பி வரவேண்டிய காலிப் பெட்டிகளின் கணக்கில் வந்து உட்கார்ந்தது. சாலை மறியல் முடிந்ததும் ஒரே நம்பர் டவுன் பஸ் ஐந்து ஒன்றன்பின் ஒன்றாக வருவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஐந்தாவது பஸ் காலியாக வரும். முதல் பஸ்ஸில் படியில் தொங்குவார்கள். அடுத்த அரை மணி நேரத்துக்கு எதுவும் வராது.

கன்டெய்னர் தொழிலின் அச்சாணி வாராந்திர சர்வீஸ். ஒவ்வொரு வாரமும் அதே கிழமையில் ஒரு கப்பல் வரவேண்டும். ஆசியாவிலிருந்து வட ஐரோப்பா போய்த் திரும்ப பன்னிரண்டு வாரம் ஆகிறது என்றால் அந்தச் சர்வீஸுக்குப் பன்னிரண்டு கப்பல் வேண்டும். பயணம் இரண்டு வாரம் நீண்டால் பதினான்கு கப்பல். இவ்வளவுதான் கணக்கு. ஆனால் கூடுதல் இரண்டு கப்பல் கடையில் கிடைப்பதில்லை. வேறொரு சர்வீஸிலிருந்து உருவ வேண்டும். உருவிய இடத்தில் ஒரு வாரம் கப்பல் இல்லாமல் போகும். கப்பலாவது கண்ணில் படுகிற பொருள். பெட்டிகள் அப்படி இல்லை. ஒரு பெட்டி இங்கே சரக்கேறி, அங்கே இறங்கி, காலியாகித் திரும்பும் சுற்று மூன்று வாரம் நீண்டால், அதே அளவு சரக்கைத் தள்ள மூன்று வாரச் சரக்குக்கான பெட்டிகள் கூடுதலாக வேண்டும். இதை யாரும் செய்தியில் சொல்வதில்லை.

எங்களுக்கு 2023 டிசம்பரில் இரண்டு அடி ஒரே வாரத்தில் விழுந்தது. நவம்பர் 19-ஆம் தேதி கேலக்ஸி லீடர் கப்பலை ஏமனின் ஹூதிக் கிளர்ச்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனபோதே செங்கடல் சரியில்லை என்று தெரிந்துவிட்டது. டிசம்பர் 15, வெள்ளிக்கிழமை, பெரிய கம்பெனிகள் செங்கடலின் தென்வாசலான பாப் எல் மண்டேப் வழியாகக் கப்பல் விடுவதை நிறுத்துவதாக அறிவித்தன. ஞாயிற்றுக்கிழமை இங்கே மழை பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டதை நாடே பார்த்தது. திருநெல்வேலிச் சாலை அறுந்தது, தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண் போனது, உப்பளங்களில் அம்பாரம் போட்டு வைத்திருந்த உப்பு கரைந்தது. கிரேன் சும்மா நின்றது. அதை ஓட்டுகிறவன் வீட்டில் இடுப்பளவு தண்ணீர்.

தண்ணீர் வடிந்தபின் என்ன நடக்கும் என்று பலர் நினைப்பது: லாரிகள் ஓடும், பெட்டிகள் ஏறும், கப்பல் புறப்படும். நடப்பது வேறு. முதலில் யார்டில் அடியில் இருக்கும் பெட்டிகளைப் பார்க்க வேண்டும். பெட்டியின் தரை ஒட்டுப்பலகை. தண்ணீர் குடித்த பலகை வெளியே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். அதில் பனியன் சரக்கை ஏற்றினால் ஹாம்பர்க் போய்ச் சேரும்போது அட்டைப்பெட்டி பூஞ்சை பிடித்திருக்கும். ஆடைக்குப் போகிற பெட்டி என்றால் சர்வேயர் உள்ளே போய் நின்றுகொண்டு வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொல்வார். இருட்டில் ஊசித்துளி அளவு வெளிச்சம் எங்கே தெரிந்தாலும் அந்தப் பெட்டி தேறாது. மூக்கையும் நம்ப வேண்டும். முந்தின பயணத்தில் கச்சா முந்திரி வந்த பெட்டியின் வாசனை துணியில் ஏறிவிடும். சாதாரண நாளில் தேறாத பெட்டியை ஒதுக்கிவிட்டு அடுத்ததை இழுக்கலாம். அந்த வாரம் அடுத்தது என்று ஒன்று இல்லை. செங்கடலைத் தவிர்த்து வேறு வழியில் திரும்பிக்கொண்டிருந்த கப்பல்களில்தான் எங்கள் அடுத்த பெட்டிகள் இருந்தன.

தூத்துக்குடியின் நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிருந்து ஐரோப்பா போகும் பெட்டிகளில் பெரும்பாலானவை முதலில் ஃபீடர் என்னும் சின்னக் கப்பலில் கொழும்புக்குப் போகும். சுமார் 150 கடல் மைல், ஒரு ராத்திரிப் பயணம். அங்கே மதர் வெசல் என்னும் பெரிய கப்பலில் ஏறும். ஆகவே எங்கள் நேரம் எங்கள் கையில் இல்லை. செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் கப்பல் பத்துப் பதினான்கு நாள் தாமதமாகக் கொழும்புக்கு வந்தால், அதை நம்பி நாங்கள் அனுப்பிய பெட்டிகள் அங்கே யார்டில் அடுக்கப்பட்டுக் கிடக்கும். கொழும்பு இதில் நொந்துபோனது என்று சொல்ல முடியாது; 2024-ல் அந்தத் துறைமுகம் 70 லட்சம் டி.இ.யு.வுக்கு (இருபதடிப் பெட்டிக் கணக்கு) மேல் கையாண்டது. ஆனால் யார்டு ஓரளவுக்கு மேல் நிறைந்துவிட்டால் வேலை ஊர்ந்துதான் போகும். அடியில் இருக்கும் பெட்டியை எடுக்க மேலே இருக்கும் மூன்றையும் தூக்கி வேறெங்காவது வைக்க வேண்டும். வைக்கிற இடத்தில் ஏற்கெனவே வேறு மூன்று இருக்கும். யார்டு எண்பது சதவீதத்தைத் தாண்டினால் அதற்குப்பின் சேரும் ஒவ்வொரு பெட்டியும் மற்றப் பெட்டிகளையும் தாமதமாக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். 2024 மே, ஜூனில் சிங்கப்பூரே இதில் திணறியது. கைவிட்டிருந்த கெப்பல் டெர்மினலின் பழைய பெர்த்துகளைத் திரும்பத் திறந்தார்கள். சிங்கப்பூரில் நடந்தது எங்களைப் போன்ற சின்னத் துறைமுகக்காரர்களுக்கு ஒரு வகையில் ஆறுதல். அப்படிச் சொல்லக் கூடாதுதான்.

இந்த மாதிரி நேரத்தில் என் மேசையில் நடக்கும் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஃபீடரில் இடம் இருப்பது இவ்வளவு, காத்திருப்பது அதைப்போல இரண்டு மடங்கு, யார் ஏறுவது? ரீஃபர், அதாவது குளிர்பெட்டி, முதலில் ஏறும். அதில் விவாதம் இல்லை. இறால் வைத்த பெட்டிக்குக் கரண்ட் பாயின்ட் வேண்டும், யார்டில் அந்தப் பாயின்ட்கள் குறைவு. அதற்கடுத்து ஆடை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை திருப்பூரிலிருந்து போவது ஐரோப்பாவின் வசந்த, கோடைச் சரக்கு. கடைக்குப் போய்ச் சேரும் தேதி தவறினால் அதைத் தள்ளுபடியில் விற்பார்கள், அல்லது வாங்கவே மாட்டார்கள். தேங்காய் நார்க்கழிவுக் கட்டி பொறுக்கும், கிரானைட் பொறுக்கும். இது வரை நியாயம் மாதிரி இருக்கிறது. ஆனால் ஆடைக்குள்ளேயே யார்? வருஷம் முழுக்கப் பெட்டி தருகிற பெரிய ஏற்றுமதியாளர் ஒப்பந்த ரேட்டில் இருப்பார். மாதத்துக்கு ஒரு பெட்டி போடுகிற சின்னவர் அன்றைய மார்க்கெட் ரேட்டில் இரண்டு மடங்கு கொடுக்கத் தயாராக இருப்பார். மேலிடம் இரண்டாமவரைப் பார்க்கச் சொல்லும். நாளைக்கு நிலைமை சீரானபின் எங்களைத் தாங்கப்போவது முதலாமவர். சின்னவருக்கோ அந்த ஒரு பெட்டிதான் அந்த மாதச் சம்பளம். இங்கே எந்தச் சூத்திரமும் உதவாது. நான் கடைப்பிடிப்பது ஒன்றுதான்: ஒரு முறை ரோல் ஆன (அடுத்த கப்பலுக்குத் தள்ளப்பட்ட) பெட்டியை இரண்டாம் முறை ரோல் பண்ண விடமாட்டேன். அதற்காக யாரோடு சண்டை போட வேண்டியிருந்தாலும் சரி.

“ஏனுங்க சார், பணம் குடுத்து ஏரோபிளேன்ல அனுப்பச் சொல்றாங்க. லாபம் பூராம் அதுலயே போயிருமுங்க” என்று திருப்பூர்க்காரர்கள் சொல்வார்கள். அது மிகையில்லை. கப்பல் வாடகையை வாங்குகிறவர் கட்டுகிற ஒப்பந்தமாக இருந்தாலும் தேதி தவறினால் விமானச் செலவு இவர் தலையில் விழுவதுண்டு. அந்த மாதங்களில் துபாய் வரை கடலிலும் அங்கிருந்து விமானத்திலும் என்று ஒரு நடுவழியைப் பிடித்துப் பலர் சமாளித்தார்கள். அதோடு இன்னொரு கணக்கு: சரக்கு வந்து சேர்ந்தபின் அறுபது நாளில் பணம் என்றால், கப்பல் இரண்டு வாரம் பிந்தினால் பணமும் இரண்டு வாரம் பிந்தும். நூல் வாங்கிய கடனுக்கு வட்டி பிந்தாது.

இறக்குமதிக்காரர்களின் சண்டை வேறு. பெட்டியை எடுத்துப்போய் இத்தனை நாளுக்குள் காலியாக்கித் திருப்பித்தர வேண்டும், மீறினால் நாள்வாடகை. வெள்ளத்தில் சாலை இல்லாத நாட்களுக்கும் அந்த மீட்டர் ஓடலாமா? “அண்ணாச்சி, ரோடே ஆத்தோட போயிட்டு. பெட்டிய நான் தலையிலயா தூக்கிட்டு வர?” என்று ஒரு டிரான்ஸ்போர்ட்காரர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். ஆனால் சலுகை நாள் கொடுக்கிற அதிகாரம் இங்கே இல்லை. வேறொரு நேர மண்டலத்தில், இந்த ஊர் மழையைப் படத்தில்கூடப் பார்க்காத ஒருவரிடம் இருக்கிறது. என் அனுபவத்தில், ஓர் இடையூறுக்குப்பின் நிலைமை சீராவது இரண்டு வாரம் முந்துவதும் பிந்துவதும் இந்தச் சலுகை நாள் முடிவைப் பொறுத்தது. சட்டென்று சலுகை கொடுத்தால் காலிப் பெட்டி சண்டை இல்லாமல் திரும்பி வரும். இழுத்தடித்தால் பெட்டி பணயமாகிவிடும்.

காலிப் பெட்டியில் எங்களுக்கு ஒரு பிறவிக் குறையும் உண்டு. தூத்துக்குடிக்குள் வருவது மரத்தடி, கச்சா முந்திரி, பழைய காகிதம், உலோகக் கழிவு. கனமான சரக்கு அதிகமும் இருபது அடிப் பெட்டியில் வரும். வெளியே போகும் பனியனும் நார்க்கழிவும் இடத்தை அடைக்கிற சரக்கு. அதற்கு நாற்பது அடி உயரப் பெட்டி வேண்டும். ஆகவே யார்டு நிறையப் பெட்டி இருந்தும் தேவைப்படுகிற பெட்டி இராது. நல்ல நாளிலேயே கொழும்பிலிருந்து நாற்பதடிக் காலிகளை ஃபீடரில் வரவழைப்போம். நெருக்கடி நாளில் எல்லாத் துறைமுகமும் அதே காலியைக் கேட்கும். மதர் வெசல்காரன் நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்று பாதி வேலையில் பெர்த்தை விட்டுப் போவான். அப்போது அவன் முதலில் கைவிடுவது காலிப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலையைத்தான். சரக்குப் பெட்டிக்கு வாடகை உண்டு, காலிக்கு இல்லை. அன்றைய கணக்குக்கு அது சரி. அந்தக் காலி இல்லாததால் ஆறு வாரம் கழித்து இன்னொரு கப்பல் அரைகுறையாகப் போகும். அந்த நஷ்டம் இந்த முடிவின் பெயரில் எந்தக் கணக்கிலும் எழுதப்படாது.

செங்கடல் எப்போது திறந்ததாகக் கொள்வது? போர்க்கப்பல்கள் போய் நின்றால் திறந்துவிடும் என்று 2024 தொடக்கத்தில் சிலர் நம்பினார்கள். காப்பீட்டுக்காரர்கள் நம்பவில்லை, போர் ஆபத்துப் பிரீமியம் கப்பல் மதிப்பில் ஏறத்தாழ 1 சதவீதம் வரை போனது. மார்ச் 6-ஆம் தேதி ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பலில் மூன்று மாலுமிகள் இறந்தார்கள். பிழைத்தவர்களை நம் ஐ.என்.எஸ். கொல்கத்தா மீட்டது. கேலக்ஸி லீடரின் 25 மாலுமிகள் விடுதலையானது 2025 ஜனவரியில்தான். இனி திரும்பலாம் என்ற பேச்சு எழுந்தது. ஜூலையில் மேஜிக் சீஸ், எட்டர்னிட்டி சி என்ற இரண்டு கப்பல்கள் ஒரே வாரத்தில் மூழ்கடிக்கப்பட்டன. தூத்துக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் கப்பலில் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் நிறைய. அந்தப் பகுதிக்குள் போகமாட்டேன் என்று மறுக்க மாலுமிக்கு உரிமை இருக்கிறது என்று சர்வதேச ஒப்பந்தம் சொல்கிறது. மறுத்தவனுக்கு அடுத்த கான்ட்ராக்ட் கிடைக்குமா என்பது வீட்டில் பேசிக்கொள்வது. என்னைக் கேட்டால், கடல்வழி திறந்ததற்கு அடையாளம் அமைச்சர்களின் அறிக்கை இல்லை. காப்பீட்டு பிரீமியம் இறங்கி, அந்தப் பயணத்துக்கு ஆள் தயக்கமில்லாமல் கையெழுத்துப் போடுவது.

கப்பல்கள் செங்கடல் வழிக்கு என்றைக்கு முழுதாகத் திரும்பினாலும் அந்தத் திரும்பல் இன்னொரு இடையூறாகத்தான் இருக்கும். சூயஸ் வழி பத்து நாள் குறைவு என்று வையுங்கள். இன்று கொழும்பிலிருந்து அந்த வழியில் புறப்படும் கப்பல், பத்து நாள் முன்னால் முனையைச் சுற்றப் போன கப்பலோடு ஒரே நாளில் ராட்டர்டாமில் போய் நிற்கும். போன வாரம் புறப்பட்டதை வழியிலேயே முந்திவிடும். பின்னால் அனுப்பிய ஆர்டர் முன்னால் போய்ச் சேரும். கிடங்குக்காரன் எதைப் பிரிப்பது என்று தெரியாமல் நிற்பான். இரண்டு வாரத்தின் சரக்கு ஒரே வாரத்தில் இறங்கும், யார்டு நிறையும், பெட்டி எடுக்க லாரி வரிசை நிற்கும். அதே நேரம் தேவைக்கு மிஞ்சின கப்பல்கள் கையில் வரும். வாடகை சரியாமல் இருக்க கம்பெனிகள் பயணங்களை ரத்து செய்யும். அப்போதும் முதலில் அடிபடுவது மேலே சொன்ன காலிப் பெட்டிதான்.

அதனால் திரும்புகிற அறிவிப்பு வந்தால் என்ன செய்வது என்று இப்போதே எழுதி வைத்திருக்கிறேன். முதல் எட்டு வாரம் யாருக்கும் புதுப் பயண நாளைச் சொல்வதில்லை, பழைய நாளையே சொல்வது. நாற்பதடிக் காலிகளை அறிவிப்பு வருமுன்பே கொழும்பிலிருந்து இழுத்து இங்கே வைத்துக்கொள்வது, யார்டு வாடகை எங்கள் தலையில் விழுந்தாலும். நல்ல பெட்டிகளைக் கதவு சாத்திப் பார்த்து, ஆடைக்கென்று தனி வரிசையில் நிறுத்துவது. முந்துகிற கப்பலில் ஏறும் சரக்கு எது என்று ஏற்றுமதியாளரையே கேட்டு முடிவெடுப்பது. இதையெல்லாம் திருப்பூர் நண்பர் ஒருவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “அதெல்லாஞ் சரிங்க, வழி கொறஞ்சா ரேட்டுங் கொறையுமுங்களா?” என்றார். ரேட் வேறு டிபார்ட்மென்ட் என்று சொல்லி, அந்த நம்பரைக் கொடுத்தேன்.