நோட்டின் கடைசிப் பக்கம்

எங்கள் பல்கலைக்கழக இணையதளத்துக்கு மெனு போட்டவன் நான்தான். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. சுற்றறிக்கையில் பெயர்கள் எந்த வரிசையில் வருமோ, அதே வரிசையில் போட்டேன்: வேந்தர், துணைவேந்தர், பதிவாளர், நிதி அலுவலர், தேர்வாணையர். எந்த அதிகாரியும் கோபித்துக்கொள்ளவில்லை. அதனால் நல்ல மெனு என்றே நினைத்திருந்தேன்.

முகப்பில் துணைவேந்தர் படம். கீழே ஓடும் எழுத்தில் அறிவிப்புகள், ஒவ்வொன்றின் தலையிலும் 'புதிது' என்று மினுக்கும் சிவப்புப் பொட்டு. மூன்று வருடத்துப் பழைய டெண்டரும் புதிதுதான். எடுக்கச் சொல்லி யாரும் கடிதம் தரவில்லையே!

ஒரு பொங்கல் லீவில் அக்கா மகள் போனை நீட்டினாள். "மாமா, ரீவேல்யுவேஷன் ஃபார்ம் எங்க இருக்கு?" கொஞ்சம் கர்வத்தோடு, "நீயே தேடு, பாப்போம்" என்றேன்.

'மாணவர்கள்' என்பதைத் தொட்டாள். விடுதி விதிகள் வந்தன. 'தேர்வுகள்' என்பதைத் தொட்டாள். கால அட்டவணை வந்தது. 'நிர்வாகம்' என்பதன் கீழே விரியும் பட்டியல், மவுஸ் மேலே நின்றால் திறக்கும்படி நான் செய்தது. போனில் ஏது மவுஸ்? விரல் பட்டதும் திறந்து, நகர்ந்ததும் மூடிக்கொண்டது. கடைசியில் கூகுளில் போட்டாள். போன வருடத்துப் படிவம் வந்தது.

நான் வாங்கித் தேடினேன். எனக்கே நேரம் பிடித்தது. நிர்வாகம், தேர்வாணையர், பதிவிறக்கம், அதற்குள் 'படிவம் 11'. மறுமதிப்பீடு என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை. படிவத்துக்குள் இருந்தது. ஆனால் காகிதத்தை ஸ்கேன் செய்து படமாக ஏற்றியிருந்ததால், எங்கள் தேடல் பெட்டியின் கண்ணில் அது படவில்லை.

பிரிண்ட் எடுக்க பிரவுசிங் சென்டருக்குப் போனோம். கடைக்காரர் எதையும் தேடவில்லை. ஒரு நீள நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். 'ரீவேல்', 'அரியர் ஃபீஸ்', 'ப்ரொவிஷனல்', 'மார்க் ஷீட் தொலைஞ்சா', 'பேர்ல தப்பு' என்று ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே இணைய முகவரி, பேனாவில். "அந்த சைட்டுக்குள்ள போனா வெளிய வர முடியாது சார். அதான் எழுதி வச்சுட்டேன்" என்றார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

2010-இல் ராண்டல் மன்றோ தன் எக்ஸ்கேசிடி கேலிச்சித்திரத் தொடரில் இரண்டு வட்டம் வரைந்தார். ஒன்றில் பல்கலைக்கழக முகப்பில் இருப்பவை, மற்றதில் வருகிறவர்கள் தேடுபவை. இரண்டிலும் பொதுவாக இருந்தது பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர் மட்டும். அதைப் பார்த்துச் சிரித்து நண்பர்களுக்கும் அனுப்பியவன் நான். அதற்குப் பிறகுதான் இந்த மெனுவைப் போட்டேன்.

ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும் என்று இணையதளப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியிருக்கிறார். விடுதியிலிருந்து ஐந்து பேரை ஒவ்வொருவராக உட்கார வைத்து, வேலை கொடுத்துப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அதில் கஷ்டம். 'அங்கே இல்லம்மா, இங்கே' என்று நாக்கு நுனிவரை வந்துவிடும்.

கடைக்காரர் நோட்டில் இருந்த ஐந்து தலைப்பையும் முகப்புக்குக் கொண்டுவரக் கேட்டேன். இணையதளக் குழுவில் ஒருவர், "அரியர்னு முதல் பக்கத்துலயே போடறதா? கௌரவமா இருக்காது" என்றார். 'நிலுவைத் தாள்' என்று போட்டோம். யாரும் அதைத் தொடவில்லை. இரண்டு பருவத் தேர்வு கழித்து 'அரியர்' என்றே மாற்றினோம்.

துணைவேந்தர் படம் இன்றும் மேலேதான் இருக்கிறது. போன முறை ஊருக்குப் போனபோது அந்த நோட்டைப் பார்த்தேன். கடைக்காரர் நான்கு வரியை அடித்திருந்தார். அடிக்காமல் விட்டது 'பேர்ல தப்பு'. அதற்கு இன்றும் விண்ணப்பத்தோடு நேரில்தான் வர வேண்டும்.